நீலப் பீப்பாய் ஈ

கிண்ணியா
2024 யூலை 3

சிவாஜினி,

‘அன்பின்’ என்று தொடங்கவில்லை, கவனித்துக்கொள். மறதியில் விட்டது அல்ல. வேண்டுமென்றே விட்டது.

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். போன வருடம் டவுணில் என் கருவாட்டுக் கடையைத் திறந்தபோது உன்னை எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டேன்! ஏ.எல். படிக்கும்போது ஒரே வாங்கில் இருந்த என் கூட்டாளி, இப்போது கண்டியில் பூச்சி ஆய்வுகூடத்தில் பெரிய ஆள் என்று வந்தவர்களுக்கெல்லாம் உன்னைக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டேன். நீ என்ன செய்தாய்? வட்டிலப்பத்தில் ஒரேயொரு ஈ வந்து இருந்தது. பேசாமல் கையால் கலைத்திருக்கலாம். நீ சபைக்கு நடுவில் எழும்பி நின்று, “ஈக்குப் பல்லில்லை. அது முதல்ல சாப்பாட்டில வாந்தியெடுத்து, அதைக் கரைச்சுப்போட்டுத்தான் உறிஞ்சும்” என்று விளக்கம் கொடுத்தாய். கருவாட்டுக் கடைத் திறப்பில்! அத்தனை பேரும் பீங்கானைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். என் மாமி இன்றைக்கும் வட்டிலப்பத்தைத் தொடுவதில்லை.

அதற்காகத்தான் உன் இலக்கத்தைப் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். தடுப்பை எடுக்கவும் மாட்டேன். வேறு யாருடைய போனிலாவது எடுத்தாயென்றால் உடனே வைத்துவிடுவேன். உன் குரலைக் கேட்டால் ஒன்றில் ஏசுவேன், இல்லாவிட்டால் அழுவேன். இரண்டுக்கும் இப்போது எனக்கு நேரமில்லை. தபால் என்றால் மரியாதையாக இருக்கலாம்.

விஷயம் இதுதான். கடைக்குக் கருவாடு காயப் போடுகிற என் வாடியின் பின்பக்கம் நாலு நீலப் பீப்பாய்கள் இருக்கின்றன. மீனின் குடல், செவுள், தலை எல்லாம் அதற்குள்தான் கொட்டுவோம். ஒரு மாதமாக அந்தப் பீப்பாய்களில் ஒரு புதுச் சாமான் வந்து மொய்க்கிறது. வீட்டு ஈ இல்லை. பச்சையும் நீலமுமாக மினுங்குகிற மீன் ஈயும் இல்லை. கறுப்பு, ஒல்லி, நீளம். தூரத்தில் பார்த்தால் குளவி என்றுதான் சொல்வாய். பீப்பாய்க்குள் அதன் புழுக்கள் கோடிக் கணக்கில் நெளிகின்றன.

பக்கத்து வளவு அலியார் காக்காவை உனக்குத் தெரியும். “இது கப்பல்ல வந்த நோய்ப் பூச்சி” என்று ஊரெல்லாம் சொல்லி, சுகாதாரப் பரிசோதகரிடமும் முறைப்பாடு கொடுத்துவிட்டார். பி.எச்.ஐ. ஐயா வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். இருபத்திரண்டாம் திகதி திரும்ப வருவாராம். அதற்குள் வாடி முழுக்க மருந்தடித்து இந்தப் பூச்சியை இல்லாமல் பண்ண வேண்டுமாம். இல்லாவிட்டால் வாடியைப் பூட்டி சீல் வைப்பாராம்.

மருந்தடித்தால் பரணில் காய்கிற மீனிலும் படும். என் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது? ‘மருந்து தொடாத கருவாடு.’ அந்த மூன்று சொல்லுக்காகத்தான் கொழும்பிலிருந்தும் ஆட்கள் ஓடர் தருகிறார்கள். அடித்தால் என் பெயர் போகும். அடிக்காவிட்டால் வாடி போகும். யா அல்லாஹ், இரண்டில் எதை விட?

மூன்று பூச்சிகளை நெருப்புப் பெட்டியில் போட்டு இதோடு அனுப்புகிறேன். இது என்ன, கூடாததா, நல்லதா என்று மூன்று வரியில் எழுது. பாடம் எடுக்காதே.

ரபீக்கா

பி.கு.: ஓர்ஸ் ஹில்லில் உன் அம்மாவைச் சந்தையில் கண்டு கதைத்தேன். அவவோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை.


கண்டி
2024 யூலை 7

அன்பின் ரபீக்கா,

நான் ‘அன்பின்’ என்றுதான் தொடங்குவேன். உன்னால் என்ன செய்ய ஏலும்?

உன் நெருப்புப் பெட்டி வந்து சேர்ந்தது. ஆனால் முத்திரை குத்திய மகராசன் அந்தப் பெட்டியின் மேலேயே ஓங்கிக் குத்தியிருக்கிறார். திறந்தால் உள்ளே மிளகுத் தூள். ஒரு அரைச் சிறகும் ஒரு காலும் மட்டும் முழுசாகக் கிடந்தன. அந்தக் காலை நுணுக்குக்காட்டியில் வைத்தேன். ரபீக்கா, அந்தக் கால்! மேலே கரிக் கறுப்பு, பாதம் மட்டும் பால் வெள்ளை. பள்ளிக்கூடத்துக்குக் காலுறை போட்டுக்கொண்டு போகிற பிள்ளை மாதிரி. என் மனதில் ஒரு பெயர் சட்டென்று வந்தது. மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். பெட்டியை இரண்டு தரம் கவிழ்த்துத் தேடினேன், தலை கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை.

அந்தப் பெயரை உனக்கு இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே பி.எச்.ஐ.யின் முகத்துக்கு நேரே கடிதத்தை நீட்டிச் சண்டை பிடிப்பாய். ஒரு காலை வைத்து நான் சொன்னது பிழைத்தால் உன் வாடி போய்விடும். முழுப் பூச்சி வேண்டும்.

நீ மூன்று வரி கேட்டாய். ஏலாது. பாடம்தான். கேள்.

முதலாவது, சிறகை எண்ணு. ஈ என்றால் இரண்டே சிறகுதான். குளவிக்கும் தேனீக்கும் நாலு. குளவியின் முன்சிறகும் பின்சிறகும் ஒட்டினாற்போல இருக்கும், கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஈக்குப் பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி இரண்டு சின்னக் குமிழ்கள் இருக்கும். பறக்கும்போது தலைகுப்புற விழாமல் சமன் பிடிப்பதற்கு. குமிழைக் கண்டாயென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஈ என்று சொல்லலாம். அலியார் காக்கா என்ன சொன்னாலும் சரி.

பிறகு இடுப்பைப் பார். குளவியின் இடுப்பு நூல் மாதிரி இறுகியிருக்கும். தலையில் உள்ள உணர்கொம்புகள் குட்டையா, நீளமா? சும்மா இருக்கும்போது சிறகை விரித்து வைக்கிறதா, ஒன்றின் மேல் ஒன்று போட்டு முதுகோடு படுக்க வைக்கிறதா? வாலில் கொடுக்கு இருக்கிறதா? கடைசியாக, வயிற்றின் தொடக்கத்தைப் பகல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். அங்கே என்ன தெரிய வேண்டும் என்று சொல்லமாட்டேன். சொன்னால் இல்லாததையும் கண்டுபிடித்து எழுதுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

பிடிக்கிற முறை: கிளாசைக் கவிழ்த்து மூடு, அடியில் மட்டையைச் செருகு, அப்படியே கொஞ்ச நேரம் பிரிட்ஜில் வை. குளிரில் மயங்கிக் கிடக்கும், சாகாது. ஆறுதலாகப் பார்க்கலாம். எனக்கு அனுப்புவதைக் கண் மருந்துப் போத்தலுக்குள் பஞ்சு வைத்து அனுப்பு. நெருப்புப் பெட்டி வேண்டவே வேண்டாம்.

இன்னொரு கேள்வி. இந்தக் கறுப்பு வந்த பிறகு பரணில் வீட்டு ஈ கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? யோசித்துச் சொல்.

வட்டிலப்பத்தைப் பற்றி நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சிவாஜினி


கிண்ணியா
2024 யூலை 11

சிவா,

எடியே, நீ எனக்கு என்ன விசரைப் பிடிக்க வைத்துவிட்டாய்! இரண்டு நாளாகக் கடைக்கும் போகவில்லை. குசினியில் சோறு அடிப்பிடித்தது. நான் கிளாசும் மட்டையுமாகப் பீப்பாய் பீப்பாயாக ஓடித் திரிகிறேன்.

முதலில் பிரிட்ஜ் கதையைக் கேள். கவிழ்த்த கிளாசைச் சர்பத் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மாமி சர்பத் எடுக்கப் போய் அதைத் தட்டிவிட்டா. கொஞ்சம்தான் குளிர்ந்திருந்தது போல. குசினி வெக்கை பட்டதும் எழும்பி மாமியின் மூக்கில் போய் இருந்தது. “பிரிட்ஜுக்குள்ள உசிரோட என்னடி வளர்க்காய்!” என்று போட்ட சத்தத்தில் சீனன்குடாவிலிருந்து எழும்புகிற விமானம்கூடத் திரும்பிப் போயிருக்கும். எனக்குக் கிடைத்த ஏச்சைக் கடுதாசியில் எழுத முடியாது. ஆனால் பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டாய். மாமி குர்ஆன் ஓத வைத்திருக்கிற பூதக்கண்ணாடியைக் கேட்டேன். “நானும் பார்க்கோணும்” என்று வந்து உட்கார்ந்தா. உட்கார்ந்தவ கண்ணாடியைத் திருப்பித் தரவே இல்லை. கெஞ்சி வாங்கித்தான் நான் பார்த்தேன்.

சிறகு இரண்டு! முதலில் நாலு என்று நினைத்தேன், ஏனென்றால் ஒன்றின் மேல் ஒன்று போட்டு, மூடிய கத்திரிக்கோல் மாதிரிப் படுக்க வைத்திருந்தது. ஈர்க்கிலால் மெல்லப் பிரித்தேன். இரண்டேதான். அதற்குக் கீழே, சிவா, அந்தக் குமிழ்! வெள்ளைக் குமிழ், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கண்டவுடன் நான் கத்தினேன், மாமியும் கத்தினா. என்னத்துக்கு என்று தெரியாமலே கத்தினா.

இடுப்பு குளவி போலத் தெரிகிறது, ஆனால் உண்மையில் இறுகியிருக்கவில்லை. உணர்கொம்பு நீளம், தலையை விட நீளம், முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது. கால் நீ சொன்ன வெள்ளைக் காலுறைதான், ஆறிலும். கண்ணைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உயிரோடு பார்த்தால் கண்ணில் ஊதா வரி ஓடுகிறது. அவ்வளவு வடிவு. கொடுக்கைத் தேடித் தேடிப் பார்த்தேன், காணவில்லை.

வயிறு. ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். வயிற்றின் தொடக்கத்தில் இரண்டு இடம் கண்ணாடி! கறுப்பே இல்லை. அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் வருகிறது. அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒன்றுமே இல்லாத மாதிரி. தூரத்தில் இருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடியால்தான் குளவி இடுப்பு மாதிரித் தெரிகிறது. என்ன கள்ளப் பூச்சி இது! நான் இல்லாததைச் சொல்கிறேன் என்று நினைத்தால் மாமியைச் சாட்சிக்கு வை.

வீட்டு ஈயைக் கேட்டாயே, அதை நான் யோசித்ததே இல்லை. குறைந்திருக்கிறது! இது வர முன்னம் பரண் வலையை ஒரு நாளைக்கு எத்தனை தரம் தட்டுவேன். இப்போது தட்டினதாக நினைவே இல்லை. பீப்பாயும் நிரம்புவதில்லை, கொட்டுவதையெல்லாம் புழு தின்றுவிடுகிறது. சிந்துகிற புழுவைக் கோழிகள் சண்டை பிடித்துக்கொண்டு தின்கின்றன. இவ்வளவும் கண்ணுக்கு முன்னாலே நடந்தது, நான் மடைச்சி மாதிரி அதை ஒழிக்க நின்றிருக்கிறேன்.

இனி என் நெஞ்சு பதறுகிற விஷயம். நேற்று அலியார் காக்காவின் காதில் குத்திவிட்டது. பொய்யில்லை, நானே பார்த்தேன், காது பணியாரம் மாதிரி வீங்கியிருக்கிறது. “அந்தக் கறுப்புச் சனியன்தான், என்ட கண்ணால கண்டனான்” என்று பள்ளிவாசலடியில் நின்று சத்தியம் பண்ணுகிறார். கொடுக்கே இல்லாத பூச்சி எப்படிக் குத்தும்? அல்லது எனக்குத்தான் கொடுக்குத் தெரியவில்லையா? பூதக்கண்ணாடி பழசு. உண்மையாகவே குத்துமென்றால் சொல்லு, நானே மருந்தடிக்கிறேன். ஒரு மனுசனுடைய உயிரை விட என் பலகை பெரிதில்லை.

ஐந்து பூச்சி போத்தலில் இருக்கின்றன. பஞ்சு வைத்திருக்கிறேன். கெதியாக எழுது, சிவா.

ரபீக்கா


கண்டி
2024 யூலை 16
(பதிவுத் தபால்)

என் ரபீக்கா,

ஐந்தும் முழுசாக வந்தன! கண் மருந்துப் போத்தலைத் திறந்து தட்டில் கவிழ்த்தபோது பக்கத்து மேசைக்காரி என்னைப் பார்த்து, “என்ன, லொத்தர் விழுந்ததோ?” என்று கேட்டாள். ஓம் என்றேன்.

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் தெரியுமா? நீ பார்த்ததெல்லாம் சரி. ஒன்றைக்கூட நான் திருத்தவில்லை. இரண்டு சிறகு, குமிழ், நீளக் கொம்பு, வெள்ளைப் பாதம், வயிற்றில் இரண்டு ஜன்னல். அந்த ஜன்னலுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நான் சொல்லாமலே நீ கண்டாய். இப்போது பெயரைச் சொல்கிறேன்: கறுப்புச் சிப்பாய் ஈ. நூற்றுக்கு நூறு. காலைக் கண்ட அன்றே என் மனதில் வந்த பெயர் இதுதான்.

நல்ல ஈ, ரபீக்கா! தங்கமான ஈ! இதற்குக் கொடுக்கு இல்லை, குத்தாது. கடிக்கிற வாயும் இல்லை. வளர்ந்த ஈ சாப்பாட்டைத் தேடி வீட்டுக்குள் வருவதில்லை, புழுவாக இருக்கும்போது தின்றதை வைத்தே காலத்தை ஓட்டும். ஜோடி சேரும், முட்டை போடும், போய்விடும். இதன் புழு இருக்கிற இடத்தில் வீட்டு ஈ முட்டை போடப் பின்வாங்கும். உன் வலை அதனால்தான் சுத்தமாக இருக்கிறது. கழிவைத் தின்னவும் கோழிக்குத் தீனி போடவும் என்று ஆட்கள் இதைக் காசு கொடுத்து வாங்கி வளர்க்கிறார்கள். உனக்குத் தானாக வந்திருக்கிறது. நீ மருந்தடிக்கப் போகிறாய்! அடிக்காதே. தலைகீழாக நின்றாலும் அடிக்காதே. பீப்பாயின் வாய்க்கு வலை கட்டு, மீன் தண்ணீர் தேங்காமல் மண்ணோ உமியோ போடு, மணம் குறையும். அவ்வளவுதான்.

அலியார் காக்காவின் காது வேறு கதை. இந்த ஈ குளவி வேஷம் போட்டு ஊரை ஏமாற்றுகிற பூச்சி. குருவியும் பல்லியும் பயந்து விட்டுவிடட்டும் என்றுதான் அந்த வேஷம். வேஷம் போட ஒரு அசல் வேண்டுமே? அந்த அசல் குளவி எங்கேயோ கிட்டத்தில் கூடு வைத்திருக்கிறது. அதுதான் அவரைக் குத்தியிருக்கிறது. அவர் கண்டது கறுப்பு, உங்கள் வாடியில் பறப்பதும் கறுப்பு, மனுசன் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். அவருடைய வளவில் நிழலான இடங்களைத் தேடு. ஒன்றைப் பிடித்துச் சிறகை எண்ணு. நாலு இருக்கும்.

இதோடு ஆய்வுகூடத்தின் கடிதத்தையும் முத்திரை குத்தி வைத்திருக்கிறேன். பதிவுத் தபால், இருபத்திரண்டுக்கு முன்னம் உன் கையில் கிடைத்துவிடும்.

ஒரு விஷயம். அன்றைக்கு நான் ஏன் அப்படிக் கதைத்தேன் என்று நீ கேட்கவே இல்லை. நீ என் தோளில் கைபோட்டு, “இவ பூச்சி விஞ்ஞானி” என்று சொன்னாய். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உனக்குப் பெருமையாக இருக்க ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அந்த நேரம் ஈதான் வந்தது. நான் என்ன செய்ய?

ஒரு வருடமாக உன்னோடு கதைக்காதது எனக்குப் பெரிய பாரம். அதையும் எழுதிவிடுகிறேன்.

சிவாஜினி


கிண்ணியா
2024 யூலை 18

சிவா,

உன் பதில் இன்னும் வரவில்லை. பி.எச்.ஐ. ஐயா வந்துவிட்டார். இருபத்திரண்டு வரைக்கும் பொறுக்கவில்லை. அலியார் காக்காவின் காது சுகாதாரக் கந்தோர் வரைக்கும் போயிருக்கிறது.

காலையில் படலையடியில் பிக்கப் வந்து நின்றது. பி.எச்.ஐ. ஞானசேகரம் ஐயா இறங்கினார். பின்னால் முதுகில் மருந்து டாங்கியோடு இரண்டு ஆட்கள். அதற்குப் பின்னால் காதில் பஞ்சோடு அலியார் காக்கா. பரண் நிறையச் சூடை மீன் காய்ந்துகொண்டிருந்தது.

“தங்கச்சி, ஆளுக்குக் குத்திப்போட்டுது. இனி நான் பொறுக்க ஏலாது” என்றார் ஐயா. முறைப்பாகச் சொல்லவில்லை, பாவம், கவலையாகத்தான் சொன்னார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. “ஐயா, கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லிவிட்டுப் பீப்பாய் மூடியைத் திறந்து, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டேன். கறுப்பெல்லாம் குபீரென்று எழும்பி என் கையில், தோளில், முகத்தில், முந்தானையில் வந்து இருந்தது. டாங்கிக்காரன் ஒருவன் பிக்கப் வரைக்கும் ஓடினான். நான் நின்றேன். பயம் இல்லையா? இருந்தது. நீ பதில் எழுதவில்லையே! ஆனால் நான் கொடுக்கைத் தேடியவள். என் கண்ணை நான் நம்பினேன். ஒன்றும் குத்தவில்லை.

“அது பொம்புளையளக் குத்தாது போல” என்றார் அலியார் காக்கா. மாமி பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தா. “அப்ப நீ வந்து கையை விடு, பார்ப்பம்” என்றா. அவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னுக்குப் போனார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஈ என்றால் இரண்டு, குளவி என்றால் நாலு என்று நீ எழுதினாய். குத்தினது குளவி என்றால் அது எங்கேயோ இருக்க வேண்டுமே. “காக்கா, எந்த இடத்தில நிக்கக்குள்ள குத்தினது?” என்று கேட்டேன். “வள்ளத்துப் படங்கை இழுக்கக்குள்ள” என்றார். சிவா, அவருடைய பழைய வள்ளம் வேலியோரம் கவிழ்த்துக் கிடக்கிறது, மழை படாமல் படங்கு போட்டு மூடியிருக்கிறது. ஊர்வலமாகப் போனோம். முன்னால் மாமி. ஐயா ஒரு தடியால் படங்கின் ஓரத்தைத் தூக்கினார்.

கூடு! உள்ளங்கை அகலத்தில் சாம்பல் நிறக் கூடு. அதில் கறுப்புக் குளவிகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஐயா பாய்ந்து பின்னுக்கு வந்த வேகத்தில் அலியார் காக்காவின் காலை மிதித்துவிட்டார். காதும் போய் இப்போது காலும்.

டாங்கிக்காரர்களில் துணிந்தவன் ஒருவன் கிளாசால் ஒரு குளவியை மூடினான். நான் மட்டையைச் செருகினேன். அதைக் காக்காவின் மனைவி ஹுஸ்னியா ராத்தாவின் பிரிட்ஜில் வைத்தோம், புருஷனைக் குத்தின சாமானைத் தன்னுடைய பிரிட்ஜிலேயே வைக்க அவவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு கதிரையில் வெள்ளைத் துணி விரித்து, மயங்கின குளவியையும் என் ஈயையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினோம். ஐயா மண்டியிட்டு உட்கார்ந்தார். மாமி பூதக்கண்ணாடியை அவரிடம் கொடுத்தா, எனக்கு இவ்வளவு லேசாகத் தந்ததில்லை.

“ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு” என்று குளவியை எண்ணினார். ஈயை எண்ணினார். “ஒண்டு, ரெண்டு...” ஈர்க்கிலால் தேடினார். “மற்ற ரெண்டும் எங்க?” “இல்லை ஐயா. அதுக்குப் பதிலாக் குமிழ் இருக்கும் பாருங்க.” கண்டார். பிறகு நான் ஈயை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஐயா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “கடவுளே, உள்ளுக்கால வெளிச்சம் தெரியுது!” என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார். அதன் பிறகு எல்லோருக்கும் பார்க்க வேண்டும். டாங்கிக்காரர்கள், ராத்தா, றோட்டில் போன மீன் சைக்கிள்காரர், அலியார் காக்கா உட்பட. அவர் நெடுநேரம் பார்த்தார். “இது என்னைக் குத்தின ஆளில்லை” என்று கடைசியில் அவர் வாயாலேயே சொன்னார்.

வாடிக்கு மருந்தில்லை, குளவிக் கூட்டை மட்டும் எடுப்போம் என்றார் ஐயா. எனக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்தது. அழுதேன்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அவர் அறிக்கைப் புத்தகத்தைத் திறந்தார். “பூச்சியின்ட பேர்?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது! நீ சொல்லவில்லையே! பெயர் போடாவிட்டால் ‘இனந்தெரியாத பூச்சி’ என்றுதான் எழுத வேண்டுமாம். அப்படி எழுதினால் மேலிடத்தில் இருந்து மருந்தடிக்கச் சொல்லித்தான் உத்தரவு வருமாம், அவர் கையில் ஒன்றும் இல்லையாம். பேனை கடுதாசிக்கு மேலே நிற்கிறது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். டாங்கி இன்னும் முதுகில்தான் இருக்கிறது.

“சிவாஜினி ஈ” என்றேன்.

“என்னது?”

“சிவாஜினி ஈ, ஐயா. கண்டியில பெரிய ஆய்வுகூடத்தில இதைப் படிச்சவவின்ட பேர். பார்த்தாக் குத்திற மாதிரித்தான் இருக்கும். குத்தாது.”

எழுதிவிட்டார், சிவா. நீலப் பேனையால், வடிவான எழுத்தில் எழுதி, ஒப்பமும் வைத்து, வாசித்தும் காட்டினார்.

ரபீக்கா

20ஆம் திகதி: இதைத் தபாலில் போட முன்னம் உன் பதிவுக் கடிதம் வந்துவிட்டது. நின்றுகொண்டே படித்தேன், பிறகு மாமிக்கும் படித்துக் காட்டினேன். நல்ல ஈ, தங்கமான ஈ! ஆனால் சிப்பாய் ஈயாம். இந்த மாவட்டத்தில் சிப்பாய்க்கா பஞ்சம்? கடைசிப் பந்தியை மாமிக்குப் படிக்கவில்லை. அது எனக்கு எழுதினது. எனக்கும் பாரமாகத்தான் இருந்தது, அடியே. அன்பின் சிவா.


கண்டி
2024 யூலை 24

அன்பின் ரபீக்கா,

அறிக்கையில் என் பெயரா! ஆய்வுகூடத்தில் நான் போட்ட கூச்சலுக்குப் பணிப்பாளர் அறையிலிருந்து எழும்பி வந்தார். என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இது பெரிய பிழை. அந்த ஈக்கு விஞ்ஞானம் பெயர் வைத்து இருநூறு வருடத்துக்கு மேலாகிறது. நமது பூட்டன் பூட்டியெல்லாம் பிறக்க முன்னம். நான் கண்டுபிடித்ததும் இல்லை. ஒரு அரசாங்க அறிக்கையில் இப்படி இருந்தால் பார்க்கிறவர்கள் என்னை என்ன நினைப்பார்கள்? உடனே திருத்த வேண்டும். ஆகவே ஞானசேகரம் ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். சரியான பெயர், குடும்பம், அடையாளங்கள், எல்லாம் ஒழுங்காக எழுதினேன். ஒப்பமும் வைத்தேன். உறையில் போட்டேன். முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன்.

எனக்கு எத்தனை சான்றிதழ்கள் இருக்கின்றன, ரபீக்கா. ஒன்றையும் பார்த்து நான் அழுததில்லை. உன் வாடி போகப்போகிற நேரம், தெரியாத ஒன்றுக்கு ஒரு பெயர் கட்டாயம் வேண்டும் என்று வந்தபோது, என்னோடு ஒரு வருடம் கதைக்காமல் இருந்த உன் வாயில் வந்தது என் பெயர். நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். பக்கத்து மேசைக்காரி இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

முத்திரை ஒட்டவில்லை. சனிக்கிழமைக் காலை பஸ்ஸில் வருகிறேன், கடிதத்தையும் கையோடு கொண்டு வருகிறேன். திருத்தத்தான் போகிறோம், விஞ்ஞானம் விஞ்ஞானம்தான். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் போய், திருத்த முன்னம், அந்த நீலப் பேனை எழுத்தை நான் ஒருதரம் என் கண்ணால் பார்க்க வேண்டும்.

உன்
சிவாஜினி